நீ முடிக்காத விரதம்

தம்பி,

பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதே இல்லை. எழுதும்போது மட்டும் எதற்குப் புதுப் பழக்கம் என்று தம்பி என்றே ஆரம்பித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்றாள் உன் அம்மா. அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கோடும் நீலமாகும், அதற்குமேல் ஒன்றும் வராது. நேரில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாய். நீ நைட் ஷிப்ட் முடித்து மம்பாவ் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் நான் கோலா பிலா பக்கம் செம்பனைக் குலை ஏற்றப் போயிருப்பேன். லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ தூங்குகிறாய், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஜொகூருக்குப் புது வேலைக்குக் கிளம்பப் போகிறாய். அங்கே நீ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்க ஓர் ஆள் கிடையாது. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் உன் அம்மாவிடம் காட்டிச் சிரித்துக்கொள். நீ சிரித்து ரொம்ப நாளாகிறது.

தோட்டத்து வீட்டில் இருந்தபோது நீ சாப்பிட்ட சாப்பாடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பதினாறு பதினேழு வயது. சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் இருக்கிற திடலில் பந்து விளையாடிவிட்டு, காலெல்லாம் செம்மண்ணோடு நேராக அடுப்படிக்கு வருவாய். அம்மா தோசைக்கல்லை விட்டு நகர முடியாது. ஒன்று கல்லில் வேகும்போது ஒன்று உன் தட்டில் காணாமல் போகும். "எங்கடா போவுது இதெல்லாம்? ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குதே" என்று அவள் அலுத்துக்கொள்வாள். "நாளைக்கு சேத்து வச்சி ஒட்டும்மா" என்பாய். முழங்காலும் முழங்கையும் மட்டும்தான் நீ அப்போது. பள்ளிக்கூட டீமில் உன்னைப்போல் ஓட ஆளில்லை என்று வாத்தியாரே என்னிடம் சொன்னார். நான் அதைக் கோப்பிக் கடையில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ சொன்னபடியே ஒட்டியது. மம்பாவ் தாமான் வரிசை வீட்டுக்கு மாறி வந்தோம், நீ செனவாங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். பன்னிரண்டு மணி நேரம் குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வேலை. விடிகாலையில் வெளியே வந்ததும் கூட்டாளிகளோடு ரொட்டி சானாய், தே தாரிக். வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பாய். பந்து விளையாட நேரமும் இல்லை, பக்கத்தில் திடலும் இல்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் முகம் உருண்டது, சட்டைப் பொத்தான் இழுத்தது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நம் வீட்டு ஆண்களுக்கு இருபதைத் தாண்டினால் இதுதான் கதை. நானும் குச்சியாக இருந்தவன்தான். கல்யாணம் முடிந்து இரண்டு வருடத்தில் எனக்குத் தொப்பை விழுந்தபோது உன் அம்மா வீட்டில் ஒரே சந்தோஷம். மகள் நன்றாகச் சமைத்துப் போடுகிறாள் என்று அவர்களுக்குப் பெருமை. யாரும் என்னை நிறுத்தி வைத்துப் படம் பிடிக்கவில்லை, படத்தைப் பார்த்து நானும் ஏங்கவில்லை. உன் கையில் இருந்த போனில் உன் பழைய பந்து வீடியோவின் பதினேழு வயதுப் பையன் ஒருவன் எந்நேரமும் சட்டையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். அவனோடு நீ போட்டி போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வருடா வருடம் பங்குனி உத்திரத்துக்குத் தோட்டத்துக் கோயிலில் நாமெல்லாம் கூடுகிறோம். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். ஆனாலும் திருவிழா என்றால் ராசாவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கார் காராகப் பழைய ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். காலையில் பந்து விளையாட்டு, சாயங்காலம் பூஜை. போன வருடத்துக்கு முந்தின வருடம் நீ பள்ளிக்கூடத்துச் சட்டையையே போட்டுக்கொண்டு இறங்கினாய். அது மார்பிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து நிமிடத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. ஓரத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், இவன கோல்ல நிப்பாட்டுங்க லா! பந்து போறதுக்கு எடமே இருக்காது!" திடலே சிரித்தது. நானும் சிரித்தேன் தம்பி. கேலி செய்ய வேண்டும் என்று இல்லை, எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாக இளித்துவிட்டது. நீ அத்தனை பேரில் என்னைத் தேடிப் பார்த்தாய். பார்த்துவிட்டு நீயும் சிரித்தாய், அதனால் விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அடுத்த வருடம் காவடி எடுக்கப் போகிறேன் என்றாய். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பங்குனிக்கு முன்னால் ஒரு மண்டலம் விரதம் இருந்தாய். ஒருவேளைச் சைவச் சாப்பாடு, தரையில் பாய், முகத்தில் தாடி. நைட் ஷிப்டிலும் பாலும் பழமும்தான் என்றாய். வாரத்துக்கு வாரம் உன் முகம் பழையபடி கூர்மையாகி வந்தது. காவடி எடுத்து ஆடியபோது நீ தரையில் கால் வைத்தாயா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, அவ்வளவு அழகாக ஆடினாய். கோயில் தலைவர் மைக்கில் உன் பெயரைச் சொல்லி, "நம்ம பிள்ளைங்க இவரப் பாத்து கத்துக்கணும்" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. பந்து விளையாடிய அன்று எடுத்த படத்தையும் காவடிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். என் மகனுடைய பக்தியைப் பாருங்கள் என்றுதான் போட்டேன். வந்த பதில் எல்லாம் எவ்வளவு இளைத்துவிட்டான், ஹீரோ மாதிரி இருக்கிறான் என்றுதான் வந்தது. நீ ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்ததை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று என் மனமும் குளிர்ந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூஜை. அதோடு விரதம் முடிந்தது, கவிச்சி சாப்பிடலாம் என்பது நம் வழக்கம். உன் அம்மா விடியுமுன் எழுந்து கோழிக் குழம்பு, அவித்த முட்டை, பொரியல் என்று படையலுக்குச் சமைத்தாள். நீதான் முன்னால் நின்று கற்பூரம் காட்டினாய். வந்தவர்களுக்கெல்லாம் நீதான் பரிமாறினாய். கடைசியில் உனக்கு இலை போட்டு அவள் குழம்பை ஊற்ற வந்தபோது இலையின் மேல் கையை விரித்துத் தடுத்தாய். "ம்மா, எனக்கு வேணாம். நான் ஆடி வரைக்கும் விரதம் எடுத்திட்டேன்." உன் அம்மா கண்ணில் தண்ணீர் விட்டுவிட்டாள், இப்படி ஒரு பிள்ளையா என்று. ஆடி முடிந்தது, புரட்டாசி என்றாய். புரட்டாசி முடிந்தது, கந்த சஷ்டி என்றாய். அது முடிந்ததும் தைப்பூசம், பிறகு மறுபடியும் பங்குனி. சாமிக்கென்று இருக்கிற பிள்ளையிடம் போய்ச் சாப்பிடு என்று எந்த அப்பன் சொல்வான்? நீ குடித்துவிட்டு வந்திருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். நாலு அறை விட்டிருப்பேன், இல்லை காலில் விழுந்திருப்பேன். விரதம் என்றதும் நானே உனக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

சந்தேகம் முதலில் வந்தது உன் அம்மாவுக்குத்தான். விரதம் இருக்கிறவன் எதற்காகக் குளிக்கப் போகும் முன்னாலும் குளித்துவிட்டு வந்த பின்னாலும் எடை பார்க்கிறான் என்று என்னைக் கேட்டாள். நீ குடிக்கிற ஒரு கிண்ணம் கஞ்சியில் அவள் பால்மாவும் வெண்ணெயும் கலந்து கொடுக்க ஆரம்பித்தாள். நாலைந்து நாள் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ஒரு வாய் வைத்தவன் அப்படியே எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டினாய். அதோடு சரி. அறைக்குள் தனியாக ஒரு சின்னச் சோற்றுப்பானை வாங்கி வைத்துக்கொண்டாய், அடுப்படியில் கொடுக்கிற வெறும் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாய். "பொறந்ததுலேர்ந்து என் கையால தின்ன புள்ள. நான் வெஷம் வச்சிக் குடுக்கிற மாதிரி பாக்குறானேங்க" என்று உன் அம்மா என்னிடம் அழுதாள். அவளை என்ன சொல்லித் தேற்றுவது? நான் கோயிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டேன். உடம்பு கெடுகிற விரதத்தைச் சாமி கேட்பதில்லை, நான் சொன்னதாகவே சொல்லுங்கள் என்றார். வந்து சொன்னேன். "அது எனக்கும் முருகனுக்கும் உள்ளதுப்பா" என்றாய்.

இந்த வருடம் பங்குனி அன்று நடந்ததை நீ மறக்க நினைக்கிறாய், நான் எழுதாமல் முடியாது. உருமி மேளம் அடிக்கிறார்கள், காவடிக்காக உன் முதுகில் கொக்கி மாட்ட வேண்டும். போன வருடம் மாட்டிய, ராசாவிலிருந்து வருகிற அதே மெக்கானிக்தான். வேஷ்டியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். அவர் திருநீறு தடவி இரண்டு விரலால் உன் முதுகைப் பிடித்தார், விட்டார். இடம் மாற்றிப் பிடித்தார், விட்டார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க வந்து நீங்களே புடிச்சிப் பாருங்க. சதை கெடைக்கல, வெறும் தோலுதான் வருது. இதுல நான் மாட்டமாட்டேன் அண்ணே, கிழிஞ்சிடும்." நான் கை வைத்துப் பார்த்தேன். உன்னைச் சட்டையில்லாமல் பார்த்தே எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலும் நீ பெரிய பெரிய சட்டையாகத்தானே போட்டுக்கொண்டு திரிகிறாய். "மாட்டுங்க அங்கிள், எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று கெஞ்சினாய். "நீ பால்குடம் தூக்குப்பா, அதுவும் சாமிக்குத்தான்" என்று அவர் கொக்கிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். எனக்கு அந்த மனிதனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. நீ என்னை முறைத்துவிட்டுப் பால்குடத்தைத் தலையில் வைத்தாய்.

கோயில் வளைவு வரைக்கும் நீ வரவில்லை. பாதி வழியில் குடம் முதலில் விழுந்தது, அப்புறம் நீ. சனங்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து விலகி வழிவிட்டார்கள், இரண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார்கள். உன் அம்மாதான், "அருளும் இல்ல ஒண்ணும் இல்ல, என் புள்ள பசியில விழுந்து கெடக்கு" என்று கத்தினாள். நான் குனிந்து உன்னைத் தூக்கினேன். முழங்கால் தேய்ந்தவன், இனிப்புநீர் வியாதிக்காரன், ஐம்பத்தெட்டு வயது. இருபத்தேழு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் நடக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருக்க வேண்டும் தம்பி. என்னால் முடியாமல் நாலு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வழியெல்லாம் நான் அதற்காகத்தான் அழுதேன், நீ மயக்கத்தில் இருந்ததால் உனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் உனக்குக் குழாயில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்த மலாய் டாக்டர் பெண் என்னைத் தனியாக அழைத்துப் பேசியது. உன் வயதுதான் இருக்கும். பாக்சிக், மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மகன் வீட்டில் சாப்பிடுகிறாரா என்று கேட்டது. எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, எனக்குத் தெரிந்த மலாயில் புவாசா என்றேன், நோன்பு இருக்கிறான் என்று. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது: "நாங்களும் புவாசா இருக்கிறோம் பாக்சிக். பொழுது சாய்ந்தால் திறந்துவிடுகிறோம். உங்கள் மகன் எப்போது திறப்பார்?" அந்தக் கேள்வியை நான் லோரி ஓட்டும்போது, குலை ஏற்றும்போது, எங்கள் மேஸ்திரி மண்டோர் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மனநலப் பிரிவுக்கு ஒரு தேதி போட்டு அட்டை கொடுத்தார்கள். வெளியே வந்ததும் நீ, "எனக்கு என்ன பைத்தியமாப்பா?" என்றாய். இல்லை என்று சொன்னேன். ஆனால் எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஊரில் யாராவது பார்த்துவிட்டால், நாளைக்கு ஒரு பெண் பார்க்கப் போனால், என்று என் புத்தியும் கண்டபடி ஓடியது. அந்தத் தேதி அன்று காலையில் உன் கதவைத் தட்டினேன். தூக்கம் வருகிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாய். சரி என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாக நான் சரி சொல்லியிருக்கக் கூடாது.

அதுவரைக்கும் நீ பிடிவாதம் பிடிக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஜொகூர் வேலைக்குச் சட்டை எடுக்கச் சிரம்பான் போனோமே, அங்கேதான் எனக்கு விளங்கியது. போட்டுப் பார்க்கிற அறையிலிருந்து வெளியே வந்தாய். இருப்பதிலேயே சின்னச் சைஸ் சட்டை, அது உன்மேல் கொடியில் காய்கிற துணிபோல் தொங்கியது. நீ கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று, வயிற்றுப் பக்கம் துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "ப்பா, உண்மைய சொல்லுங்க, தொப்ப தெரியுது இல்ல? ஒரு சைஸ் பெருசா எடுத்திடலாமா?" என்றாய். கடைப் பெண் என் முகத்தைப் பார்த்தது. நீ விளையாடவில்லை. உன் கண்ணில் அன்றைக்குத் திடலில் என்னைத் தேடிய அதே பார்வை இருந்தது. நாம் இருவரும் ஒரே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம், அதில் நான் பார்க்கிற ஆளை நீ பார்க்கவில்லை. "இல்லப்பா, ஒண்ணும் தெரியல" என்றேன். "நீங்களும் பொய் சொல்றீங்க" என்று உள்ளே போய்விட்டாய். தெரியுது என்று சொல்லியிருந்தாலும் உன்னை இழந்திருப்பேன். வேறு என்ன பதில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புத்தி சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். என்ன புத்தி சொல்ல? கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் என்னை எடையைக் குறை குறை என்கிறார்கள், குறைத்தபாடில்லை. அதே வீட்டில் உன்னைக் கூட்டு கூட்டு என்று கெஞ்சுகிறோம். உடம்பு வயதுக்கு வயது மாறும், பதினேழில் இருந்தது இருபத்தேழில் இருக்காது, அதற்காக யாரும் யாருக்கும் தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். அதை அந்தத் திடலில் சொல்லியிருந்தால் உன் காதில் ஏறியிருக்கும். இப்போது நான் எதைச் சொன்னாலும் நீ அதை உன் எடையைப் பற்றித்தான் சொல்வதாக எடுத்துக்கொள்கிறாய். முகம் தெளிவாக இருக்கிறது என்று உன் அம்மா ஒருநாள் ஆசையாகச் சொன்னதற்கு, குண்டாகிவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடந்தாய். இப்போதெல்லாம் உன்னைப் பார்த்து எதுவும் சொல்ல எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நீ குளியலறைக்குள் போனால் விழுகிற சத்தம் கேட்குமோ என்று இரண்டு பேரும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஜொகூருக்குப் போகாதே என்று தடுக்கமாட்டேன். தடுத்தாலும் நீ நிற்கமாட்டாய். அந்த டாக்டர் பெண்ணுக்குப் போன் போட்டு மன்றாடி இரண்டாவதாக ஒரு தேதி வாங்கியிருக்கிறேன், நீ கிளம்புகிற ஞாயிறுக்கு முன்னால், வருகிற வியாழக்கிழமை. லீவு சொல்லிவிட்டேன். காலையில் காரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஹாரன் அடிக்கமாட்டேன், கதவைத் தட்டமாட்டேன். உன் அம்மாவையும் கெஞ்சக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ வந்து ஏறினால், போகும்போதும் வரும்போதும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

நீ வராவிட்டால் உன் அட்டையை எடுத்துக்கொண்டு நானே போவேன். இந்த நாட்டில் உன் பெயரை யார் கூப்பிட்டாலும் அனாக் லெலாகி, இன்னார் மகன் என்று என் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். நர்ஸ் மிஸ்ஸி வந்து கூப்பிட்டதும் நான் எழுந்து நிற்பேன். நீ உட்கார வேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, என் மகன் வரவில்லை டாக்டர், அவன் பசியோடு இருக்கிறான், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்வேன்.

அப்பா